ஒரு லோடு ஜல்லி எங்கே போனது?

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், புதிதாகப் போட்டு முடித்த கிராமச் சாலைகளைச் சில பொறியாளர்கள் தோண்டினார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சதுரக் குழி வெட்டி, உள்ளே கிடந்த கல்லையும் ஜல்லியையும் மணலையும் தனித்தனியே பிரித்து அளந்தார்கள். ஒரு குழியில் இவ்வளவு என்றால் முழுச் சாலைக்கும் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று பெருக்கிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் கிராமத்தின் செலவுக் கணக்கைக் கையில் எடுத்தார்கள்.

நடந்தது 2003-04-ல். பெஞ்சமின் ஓல்கன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞரின் ஆய்வு அது. உலக வங்கிக் கடனில் ஊருக்கு ஊர் சாலை போட்ட ஒரு திட்டத்திலிருந்து 608 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். கல் கொட்டும்போது கொஞ்சம் சிந்தும், மழையில் மணல் கொஞ்சம் கரையும். அதையெல்லாம் திருட்டில் சேர்த்துவிடக் கூடாதே! அதற்காகத் தாங்களே சின்னச் சின்னச் சோதனைச் சாலைகள் போட்டார்கள். ஒரு கல்கூடக் களவு போகவில்லை என்று உறுதியாகத் தெரிந்த அந்தச் சாலைகளையும் தோண்டி, நியாயமாக எவ்வளவு குறையும் என்று பார்த்துவைத்துக்கொண்டார்கள். நகைக்கடையில் சேதாரம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்த பிறகும், கணக்கில் எழுதிய செலவில் ஏறக்குறைய கால் பங்குக்குத் தரையில் தடயமே இல்லை.

காணாமல் போன தொகையைவிட, அது காணாமல் போன விதம்தான் சுவாரஸ்யமானது. ஜல்லியின் விலையை ஏற்றி எழுதியது குறைவு. எத்தனை லோடு என்பதை ஏற்றி எழுதியதுதான் அதிகம். காரணம் எளிது. ஒரு லோடு என்ன விலை என்பது வீடு கட்டிய எவருக்கும் தெரியும்; இரண்டு மடங்கு விலை போட்டால் டீக்கடையிலேயே பேச்சு கிளம்பிவிடும். ஆனால் எத்தனை லோடு இறங்கியது என்று யார் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? சாலை போட்டு மூடிவிட்டால், உள்ளே இருப்பது பூமிக்கும் மேஸ்திரிக்கும்தான் தெரியும். ஊராருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைக் கணக்கு எழுதுகிறவர் நன்றாகவே அறிந்துவைத்திருந்தார்.

வளரும் நாடுகளில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் ஒதுக்கும் பணம் ஏன் போய்ச் சேர்வதில்லை என்ற கேள்விக்கு நூலகம் நூலகமாக விடை எழுதியிருக்கிறார்கள். அந்த அறிக்கைகளில் இதற்குப் பெயர் ‘கசிவு’. குழாய் தானாகக் கசிவதுபோல ஒரு மரியாதையான சொல். அந்தக் குழாயை எங்கே, எந்த உயரத்தில் துளைத்தால் யார் கண்ணிலும் படாது என்று யோசித்துத் துளைக்கிறார்கள் என்பதைத்தான் ஜாவாவின் குழிகள் காட்டின.

ஓல்கன் இத்துடன் நிற்கவில்லை. தடுப்பதற்கான இரண்டு வழிகளை அதே ஊர்களில் சோதித்துப் பார்த்தார். அரசுத் தணிக்கையாளர்கள் சாதாரணமாக 100 ஊருக்கு நான்கு ஊர் என்ற கணக்கில்தான் எட்டிப் பார்ப்பார்கள். சில ஊர்களுக்கு மட்டும், “உங்கள் ஊருக்குத் தணிக்கை நிச்சயம் வரும், முடிவை ஊர்க்கூட்டத்தில் வாசிப்போம்” என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். அந்த ஊர்களில் காணாமல் போகும் பங்கு 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. அதாவது, போய்க்கொண்டிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. மீதி, தணிக்கை வரும் என்று தெரிந்தும் போனது.

வேறு சில ஊர்களில் வீடு வீடாக அழைப்பிதழ் கொடுத்து, கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்கு மக்களை வரவழைத்தார்கள். பெயர் எழுதாமல் குறை சொல்லும் தாளும் சில இடங்களில் கொடுத்தார்கள். மக்கள் வந்தார்கள், பேசினார்கள். கூலிக் கணக்கில் இருந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. ஜல்லிக் கணக்கில் அசைவே இல்லை. கூலி என்றால் என் சட்டைப்பைக்கு வரவேண்டிய காசு, கேட்காமல் விடமாட்டேன். ஜல்லி ஊர்ப் பொது. பொதுவுக்காக ஒருவரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. எத்தனை லோடு வந்தது என்பதும் தெரியாது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தணிக்கை உறுதியான ஊர்களில், திட்டத்தை நடத்தியவர்களின் சொந்தக்காரர்களுக்குச் சாலை வேலை கிடைப்பது கூடியது. பணமாக எடுக்க வழியில்லாதபோது வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜல்லியை எண்ண ஆளில்லை என்றால், எண்ணக்கூடியவர்களின் கையில் காகிதத்தைக் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியை எந்தப் பல்கலைக்கழகமும் எழுப்புவதற்கு முன்பே ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள் எழுப்பிவிட்டார்கள்.

அருணா ராய் சென்னையில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். பணியில் இருந்து 1975-ல் விலகியவர். நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் ராஜ்சமந்த் மாவட்டத்தின் தேவ்டூங்ரி என்ற கிராமத்தில் ஒரு மண்வீட்டில் குடியேறினார். அவர்கள் ஊர்மக்களோடு சேர்ந்து 1990 மே தினத்தன்று தொடங்கிய அமைப்புதான் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். அப்போது அவர்கள் முன் இருந்த பிரச்சினை ஜனநாயகம் போன்ற பெரிய விஷயம் அல்ல, கூலி. வறட்சி நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டியவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வரவில்லை. கேட்டால், “நீங்கள் வெட்டிய அளவு அவ்வளவுதான்” என்று பதில் வந்தது. எங்கே அந்த அளவு? அளவுப் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் காட்டுங்கள். காட்ட முடியாது, அது அரசாங்க ரகசியம். வெள்ளைக்காரன் காலத்தில், 1923-ல், உளவாளிகளை மனதில் வைத்துப் போட்ட ரகசியச் சட்டத்தின் நிழல் ராஜஸ்தானின் மண்குழி வரை நீண்டிருந்தது.

எப்படியோ சில பதிவேடுகளின் நகல் கையில் கிடைத்தது. 1994 டிசம்பர் 2-ம் தேதி, பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பதிவேட்டை மைக்கில் வாசித்தார்கள். ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விசாரணை என்றாலும் நீதிபதி கிடையாது, தீர்ப்பும் கிடையாது. ஒரு பெயர், அவர் வேலை செய்த நாள்கள், வாங்கிய கூலி, பக்கத்தில் கைநாட்டு. அவ்வளவுதான் வாசிப்பு.

பெயருக்கு உரியவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ‘அந்த வேலைக்கு நான் போகவே இல்லையே’ என்று எழுந்தார். அடுத்த பெயருக்கு உரியவர் ஊரைவிட்டே போனவர். இன்னொரு பெயர் வாசிக்கப்பட்டபோது எழுந்திருக்க ஆளில்லை. அவர் செத்துப் பல காலம் ஆகியிருந்தது. காகிதத்தில் கட்டி முடித்திருந்த கட்டடங்கள் நேரில் பாதியில் நின்றன. அன்று வாசித்த தாளில் ரகசியம் எதுவும் இருக்கவில்லை. அதில் இருந்ததெல்லாம் அந்த ஊர்க்காரர்களின் பெயர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்களும் அவற்றுக்கு உரிய முகங்களும் அதுவரை ஒரே இடத்தில் சந்தித்ததே இல்லை.

ஜாவாவின் ஊர்க்கூட்டத்துக்கும் கோட் கிரானாவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஜாவாவில் மக்களை அழைத்து மொத்தக் கணக்கைச் சொன்னார்கள். ராஜஸ்தானில் மூலப் பதிவேட்டையே, வரி வரியாக, அந்த வரியைப் பொய்யென்று சொல்லக்கூடிய ஆளின் காதில் போட்டார்கள். பின்னால் வந்த விசாரணைகளில் பொருள் வாங்கிய பில்களும் வாசிக்கப்பட்டன. அந்த வேலையில் கல் சுமந்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தால், எத்தனை நடை வந்தது என்று ஏற்றி எழுதிய பில் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது.

1995-ல், நகல்கள் எல்லோருக்கும் கிடைக்கும் என்று முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்திலேயே சொன்னார். ஓராண்டு ஆகியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரின் நடுத்தெருவில் 40 நாள் தர்ணா நடந்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் முழக்கம். சில வகுப்புகளே படித்த ஒரு பெண் தொழிலாளியிடம், உங்களுக்கு எதற்குத் தகவல் உரிமை என்று டெல்லிப் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். பத்து ரூபாய் கொடுத்துப் பையனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரில் கோடி கோடியாகச் செலவழிக்கிற சர்க்காரிடம் கேட்க வேண்டாமா என்பது அவர் சொன்னதன் சாரம். அந்தக் கேள்விக்குப் பிறகு பத்திரிகையாளர்களுக்கும் இதில் விளக்கம் தேவைப்படவில்லை.

தகவல் அறியும் சட்டத்தை இந்தியாவில் முதலில் போட்ட மாநிலம் தமிழ்நாடு என்பது பலருக்கு நினைவில் இல்லை. 1997-ல் வந்த அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் மலிந்து கிடந்ததால், அதை வைத்து யாரும் பெரிதாக எதையும் வாங்கிவிட முடியவில்லை; நினைவில் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவு, நூறு நாள் வேலையின் கணக்கைக் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்றது. கோட் கிரானாவில் சில தொழிலாளர்கள் தொடங்கிவைத்தது, பதினொரு ஆண்டுகளில் ‘சமூகத் தணிக்கை’ என்ற பெயரில் சட்டமாகிவிட்டது.

சட்டம் எழுதியதை ஒழுங்காக நடைமுறைப்படுத்திப் பார்த்த மாநிலம், பிரிவதற்கு முந்தைய ஆந்திரா. தணிக்கைக்கென்றே தனி அமைப்பு, தொழிலாளர் குடும்பங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த இளைஞர்கள், அவர்கள் வீடு வீடாகப் போய் வேலை அட்டையையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, கடைசியில் மண்டல அளவில் அதிகாரிகள் முன்னிலையில் பொது விசாரணை. பல மாநிலங்கள் காகிதத்தில் மட்டும் செய்ததை ஆந்திரா கால் தேய நடந்து செய்தது.

அங்கேயும் ஜாவாவின் பாடம் திரும்ப வந்தது. அடுத்தடுத்த தணிக்கைச் சுற்றுகளின் அறிக்கைகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். கூலி தொடர்பான முறைகேடுகள் பெரிதாகக் குறையவில்லை. பொருள் வாங்கியதில் நடந்த முறைகேடுகள் கூடியிருந்தன. கூலி மேல் கண் விழுந்ததும், கை சிமெண்ட் மூட்டைப் பக்கம் நகர்ந்திருக்கிறது. கண்டுபிடித்த தொகையில் சிறு பகுதிதான் திரும்ப வசூலானது. தப்பு செய்தவர் மைக் முன்னால் தலைகுனிந்து நிற்பார். அடுத்த வாரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஊர் எத்தனை முறைதான் கூடி வந்து பார்க்கும்?

இதற்குப் பிறகு உகாண்டாவின் கதையைக் கேட்டால் கொஞ்சம் நிதானமாகக் கேட்கத் தோன்றும். இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கதை அது. ராஜீவ் காந்தி 1985-ல், ஏழைகளுக்கு ஒதுக்கும் ரூபாயில் 15 பைசாதான் போய்ச் சேர்கிறது என்று சொன்னார். அது ஓர் அரசியல்வாதியின் மதிப்பீடு. உகாண்டாவில் அதை அளந்தே பார்த்தார்கள். தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி மத்திய அரசு மானியம் அனுப்பும். 250 பள்ளிகளின் பதிவேடுகளைத் திரட்டி, 1991 முதல் 1995 வரை அனுப்பியது எவ்வளவு, பள்ளிக்கு வந்தது எவ்வளவு என்று ரித்வா ரெய்னிக்கா, யாக்கோப் ஸ்வென்சன் இருவரும் ஒப்பிட்டார்கள். சராசரியாக வந்தது 13 சதவீதம். பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகள் அதிகாரிகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டன. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு இப்படியொரு மானியம் இருப்பதே தெரியாது.

உகாண்டா அரசு செய்தது மிக எளிமையான ஒன்று. எந்த மாவட்டத்துக்கு இந்த மாதம் எவ்வளவு பணம் அனுப்பினோம் என்பதை நாளிதழ்களில் வெளியிட்டது. பின்னர் பள்ளிச் சுவரிலும் வந்த தொகையை எழுதி ஒட்டச் சொன்னது. தலைமையாசிரியர் பேப்பரைப் பார்த்துவிட்டு, எங்கள் பங்கு எங்கே என்று மாவட்ட அலுவலகத்துக்குப் போய் நின்றார். 2001-ல் 80 சதவீதத்துக்கும் மேல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. பேப்பர் கிடைக்கும் ஊருக்கு அருகில் இருந்த பள்ளிகளுக்குக் கூடுதலாகச் சேர்ந்தது என்பதையும் அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கேட்கவே இனிக்கிறது. விளம்பரம் போடும் செலவில் ஊழல் ஒழிந்துவிடும் என்று பல மாநாடுகளில் பலர் பேசினார்கள். பிறகு பால் ஹப்பர்ட் என்ற ஆய்வாளர் அதே காலத்தைத் திரும்பப் புரட்டிப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். அந்த ஆண்டுகளில் உகாண்டாவில் வேறு பலவும் மாறியிருந்தன. 1997-ல் எல்லோருக்கும் இலவசத் தொடக்கக் கல்வி வந்தது. மானியத்தை வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாது என்று விதி இறுகியது. உதவி கொடுத்த நாடுகள் பள்ளிப் பணத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தன. பேப்பரில் வந்த எண்ணுக்குப் பின்னால் அதட்டிக் கேட்க மேலே ஆள் இருந்தது என்பதுதான் அவர் சொன்னது. இதில் உகாண்டாவின் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. சுவரில் ஒட்டினால் போதும் என்று நினைத்தவர்களின் உற்சாகம்தான் குறைந்தது.

மேலே இருப்பவர் பார்க்க விரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானிலேயே ஓர் உதாரணம் உண்டு. உதய்ப்பூர் மாவட்டத்தில் துணைச் சுகாதார நிலையங்களின் செவிலியர்கள் ஏறக்குறைய பாதி நாள் வராமல் இருந்தார்கள். ஒரு தொண்டு நிறுவனமும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து, நேரத்தைப் பதியும் கருவி கொடுத்தார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்றார்கள். முதல் சில மாதங்கள் வருகை நன்றாகவே உயர்ந்தது. பின்னால் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் எழுதிய ஆய்வின்படி, ஒன்றரை ஆண்டுக்குள் எல்லாம் பழைய நிலைக்கே வந்துவிட்டது. ‘மீட்டிங் போனார்’, ‘கணக்கெடுப்புக்குப் போனார்’ என்று விலக்கு நாள்கள் பெருகிப் பெருகி, பிடித்தம் செய்ய நாளே இல்லாமல் போயிற்று. விலக்கில் கையெழுத்துப் போட்டது, கண்காணிக்க வேண்டிய அதே நிர்வாகம்.

பிரேசில் வேறு வழியில் போனது. எந்த நகராட்சியைத் தணிக்கை செய்வது என்பதை 2003 முதல் லாட்டரிக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். உருவகம் அல்ல, உண்மையாகவே லாட்டரி. அரசு லாட்டரியை நடத்தும் வங்கியில், எல்லோரும் பார்க்க, நகராட்சிகளின் பெயரைக் குலுக்கி எடுத்தார்கள். யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, யாரிடமும் சொல்லி நிறுத்தவும் முடியாது. பெயர் விழுந்த ஊருக்கு மத்தியத் தணிக்கையாளர்கள் போய்ப் பள்ளியையும் மருத்துவமனையையும் நேரில் பார்த்து, அறிக்கையை எல்லோருக்கும் வெளியிட்டார்கள். 2004 தேர்தலுக்கு முன் அறிக்கை வெளியான ஊர்களில், முறைகேடு செய்த மேயர்கள் தோற்பது கூடியது. உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் இன்னும் கூடியது. ஆனால் பிற்கால ஆய்வில் தெரிந்தது, தேர்தல் பயத்தைவிட வழக்கு பயம்தான் அதிகம் வேலை செய்தது என்பது. ஆந்திராவில் இல்லாமல் போனது அதுதான்.

இந்தியா நம்பியது செல்போனை. நூறு நாள் வேலைத் தளத்தில் தொழிலாளர்களை நிற்கவைத்து ஒரு நாளைக்கு இரண்டு முறை படமெடுத்து, ஒரு செயலியில் ஏற்ற வேண்டும் என்ற முறை 2023 ஜனவரியில் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் கட்டாயமானது. மஸ்டர் ரோலில் செத்தவர் பெயரை எழுதலாம், படத்தில் அவரை நிற்கவைக்க முடியாதல்லவா? சிக்னல் கிடைக்காத காட்டில் வேலை செய்தவர்கள் படம் ஏறாமல் கூலியை இழந்தார்கள். அது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கத்தை 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதமாக எழுதியது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் ஏறுகின்றன. ஒரே ஆள் பல பட்டியல்களில் வருகிறார். படத்தில் பெண் இருக்க, பட்டியலில் ஆண் பெயர் இருக்கிறது. நேரில் ஆளைப் படமெடுப்பதற்குப் பதில், ஏற்கெனவே இருக்கும் படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள். 1994-ல் கைநாட்டு இருந்த இடத்தில் 2025-ல் படத்தின் படம்.

இனி இந்தப் படங்கள் ஒவ்வொன்றையும் ஆட்களே கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று அதே கடிதம் உத்தரவிட்டது. முழுவதையும் பார்க்க வேண்டிய பொறுப்பு கிராம ஊராட்சிக்கு. படம் எடுத்து ஏற்றும் வேலையும் அதே ஊராட்சியின் கீழ்தான் நடந்தது.